சந்தனம் வைத்த சக்கரம்

கடைத் தரையில் இரண்டு எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன.

ஆயுத பூஜை அன்று காலை. மணி பதினொன்று இருக்கும். பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் பொரி கொடுத்துவிட்டு, அவர்கள் கொடுத்த பொரியை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். எங்கள் பக்கத்தில் அது ஒரு வேடிக்கை. எல்லோரும் எல்லோருக்கும் பொரி கொடுப்பார்கள். கடைசியில் பார்த்தால், எடுத்துக்கொண்டு கிளம்பிய அளவே பையில் இருக்கும்.

கடை வாசலில் கட்டியிருந்த வாழைக்கன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே கற்பூர வாசனை. கழுவிவிட்ட சிமெண்டுத் தரை இன்னும் காயவில்லை. அந்த ஈரத்தில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று இரண்டு பழங்கள் விதை தெறித்துக் கிடந்தன. முன் சக்கரத்துக்கு ஒன்றும் பின் சக்கரத்துக்கு ஒன்றுமாக நான் என் கையால் வைத்தவை.

பழம் இருந்தது. பழத்தின் மேல் ஏறிப் போன வண்டி இல்லை.

பக்கத்து லேத்துப் பட்டறை காஜா பாய்தான் நான் வரும்வரை கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“பாய், வண்டி எங்க?”

“ஓனர் வூட்டு ஆளு வந்து எடுத்துக்கினு போனாரே, சேகரு. கூட அவரு சம்சாரம். அந்தப் பொண்ணு மடியில ஒரு பூசணிக்கா வேற. சிதம்பரத்துக்குப் போறோம், மச்சானுக்குச் சொல்லாம கொண்டுபோய் வாசல்ல நிறுத்தப்போறோம்னு ஒரே சிரிப்பு.”

“யாரக் கேட்டுக் குடுத்தீங்க?”

“என்னாத்துக்குக் கத்துற? மாலை போட்டிருக்க, பழம் வச்சிருக்க, பொட்டு வச்சிருக்க. சந்தனம் வச்ச வண்டிய வேல முடியாத வண்டின்னு எவன்யா சொல்லுவான்?”

பொரிப் பையைக் கீழே வைத்துவிட்டுச் செல்போனைத் தேடினேன்.

ஒரு வாசகர் கேட்ட கேள்வி

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் மற்றவர்கள் செய்த தப்புகளையே எழுதிக்கொண்டு வருகிறேன். பெட்ரோல் டேங்கில் மண்ணெண்ணெய் ஊற்றியவர், செயினுக்கு நல்லெண்ணெய் விட்டவர் என்று வரிசையாக வந்தார்கள். போன வாரம் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். “அண்ணே, எல்லாம் நல்லாருக்கு. நீங்க ஒண்ணுமே தப்பு பண்ணலியா?” என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் நியாயமான கேள்வி மரியாதையாக வரும்போதுதான் ஜாஸ்தி வலிக்கும்.

அதனால் இந்த வாரம் என் முறை.

இது நடந்தபோது, சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் என் கடை. பழைய மோட்டார் சைக்கிள்களின் சக்கரத்துக்குப் புதுக் கம்பி கட்டுவதுதான் பிரதான வேலை. ஸ்போக்ஸ் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ‘போக்ஸ் கம்பி’ என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் ஊர்க் காற்று அந்த வேலைக்குக் குறை வைத்ததில்லை. “உப்புக்கு முன்வாசல் பின்வாசல் கிடையாது” என்பார் மீன் ஏலம் விடுகிற ஒருவர். மேலே பளபளவென்று இருக்கும் கம்பி, ரிம்மில் அதை இறுக்கிப் பிடிக்கிற நிப்பிள் என்ற திருகுக்குள் மாவாகப் போயிருக்கும். தட்டினால் சத்தம் வராது.

துரை

சிதம்பரத்தில் குமரவேல் சார் என்று ஒருவர். கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை. மாட்டுக்கு ஊசி போட்டுப் பழகிய கை என்பதாலோ என்னவோ, யாரிடம் பேசினாலும் முதலில் தட்டிக்கொடுப்பார். பிறகுதான் குத்துவார்.

அவரிடம் ஒரு வண்டி இருந்தது. ஐம்பதுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. ஒற்றை சிலிண்டர். நின்ற இடத்தில் ஓடவிட்டால், பக்கத்தில் இருக்கும் டீ கிளாஸ் மேசையில் நகரும். அந்த வண்டிக்குத் துரை என்று பெயர்.

துரையை வேறு யாரும் ஓட்டக்கூடாது என்பது சாரின் சட்டம். அந்தச் சட்டத்தில் முதல் கைதி சேகர். சாரின் தங்கை மல்லிகாவைக் கட்டிக்கொண்டவர். மஞ்சக்குப்பத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷன். கல்யாணமாகி எட்டு வருஷமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சிதம்பரம் போய், துரையைத் துடைத்து, உட்கார்ந்து பார்த்து, இறங்கி வருவார்.

ஒரு தடவை என் எதிரிலேயே கேட்டுவிட்டார். “மச்சான், ஒரு ரவுண்டு, அந்தக் கோயில் முக்கு வரைக்கும்...”

சார் தட்டிக்கொடுத்தார். “மாப்ள, தங்கச்சியையே குடுத்துட்டேன். சாவியும் குடுக்கணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். சேகரும் சிரித்தார். அவர் சிரித்து முடித்த வேகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிட்டார்.

மூன்று சுற்று

கம்பி கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இல்லாவிட்டால் நான் ஏன் பதறினேன் என்பது புரியாது.

துரையின் முன் சக்கரத்துக்கு நாற்பது கம்பி. பிரேக் டிரம் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் இந்தப் பக்கத்துக் கம்பி ஒரு நீளம், அந்தப் பக்கத்துக் கம்பி வேறு நீளம். நாற்பதையும் கோத்தால் பார்க்கச் சக்கரம் மாதிரி இருக்கும். ஆனால் அது இன்னும் சக்கரம் இல்லை. மூன்று சுற்று முறுக்க வேண்டும். முதல் சுற்று, கம்பிகள் இடம் பிடித்து உட்காருவதற்கு. இரண்டாவது, கோட்டம் எடுப்பதற்கு. மூன்றாவதுதான் பாரம் தாங்குவதற்கு. மூன்றும் முடிந்தபின் நிப்பிளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளை அரத்தால் ராவி, அதன் மேல் நாடா சுற்றி, கடைசியில் டியூபும் டயரும். முனையை ராவாமல் டயர் போட்டால் கம்பி உள்ளிருந்தே டியூபைக் குத்திவிடும்.

மூன்றாவது சுற்று, காதால் பார்க்கிற வேலை. ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே போனால் ஒரே மாதிரி ‘டிங்’ என்று வரவேண்டும். ஒரு முறை தவில் வாசிக்கிற ஒருவர் வண்டி எடுக்க வந்தார். நான் தட்டுவதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “ஏழாவது மட்டும் கொஞ்சம் அழுவுது, பாரு” என்றார். எண்ணிப் பார்த்தேன். ஏழாவதுதான்.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நான் கட்டிய முதல் மோட்டார் சைக்கிள் சக்கரம், பண்ருட்டியில் பலாப்பழம் ஏலம் எடுக்கிற ஒருவருடையது. பழைய கம்பிகளை அறுத்து எறிவதற்கு முன், ரிம் டிரம்மிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது தெரியாது. உற்சாகமாக அத்தனையையும் அறுத்துவிட்டேன். பிறகு இரண்டு வாரம் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். சக்கரம் ஒரு பக்கமாகவே ஒதுங்கி நின்றது, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி. அந்த மனுஷர் கோபப்படவில்லை. “தம்பி, பலாப்பழம் அறுக்கறதுக்கு முன்னாடி கையில எண்ணெ தடவணும். அறுத்தப்புறம் தடவினா எண்ணெயும் போச்சு, கையும் போச்சு” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான சக்கரங்கள். அளக்காமல் எதையும் அறுத்ததில்லை. முதல் தப்பை மறுபடி செய்யாமல் இருப்பதிலேயே முழுக் கவனமும் போய்விட்டால், இரண்டாவது தப்பு பக்கவாட்டில் வந்து நிற்கும்.

ரெண்டு கால்ல நிக்கணும்

துரையின் பின் சக்கரத்தை முடித்துவிட்டேன். முன் சக்கரத்துக்குக் கம்பி வந்து சேர்ந்தது பூஜைக்கு முந்தின நாள். கோத்து, முதல் சுற்று முறுக்குவதற்குள் மாலையாகிவிட்டது. கடை கழுவ வேண்டும், கருவிகளைத் துடைத்து அடுக்க வேண்டும். மிச்சம் இரண்டு சுற்றும் பூஜை முடிந்து மறுநாள்தான் என்று முடிவு பண்ணினேன்.

அப்போது சார் போன் பண்ணினார். “தண்டபாணி, நீ நல்லா வேலை செய்யிறவன். ஆனா ஒண்ணு. நாளைக்குப் பூஜையில என் வண்டி ரெண்டு கால்லயும் நிக்கணும். முன்னாடி கட்டைய முட்டுக் குடுத்து நொண்டியா நிறுத்தி வச்சு அதுக்குப் பொட்டு வச்சீன்னா, வருஷம் பூரா அது நொண்டும்.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. அடுத்தவர் வண்டியை முடமாக நிறுத்திப் படைப்பது நன்றாக இல்லைதான். முதல் சுற்றோடு நின்றதால் கம்பி முனைகள் இன்னும் வெளியே நீளவில்லை. டியூபையும் டயரையும் சும்மா மாட்டி, காற்றடித்து, சக்கரத்தை ஃபோர்க்கில் சேர்த்து நிறுத்தினேன். நிற்பதற்குத்தானே, ஓடுவதற்கு இல்லையே.

வேலை முடியாத சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைப்பது என் பழக்கம். பாய்க்குத் தெரியும், கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். அன்று காலையில் சந்தனம் வைக்கும்போது அந்தத் துணி கண்ணில் பட்டது. கிரீஸ் படிந்த அழுக்குத் துணி. சாமிக்கு முன்னால் இதெதற்கு என்று அவிழ்த்துப் போட்டேன்.

அவிழ்த்தது நான்தான். இதை ஏன் தனிப் பத்தியாக எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

பூசணிக்காய் ரோடு

என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். முதல் சுற்று மட்டும் முறுக்கிய சக்கரம் கொஞ்ச தூரம் ஒழுங்காகவே போகும். பிறகு நிப்பிள் ஒவ்வொன்றாகத் தளரும். தளர்ந்த சக்கரத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் அவ்வளவுதான். அதுவும் ஆயுத பூஜை அன்று. நம் ஊரில் அன்றைக்குக் கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்து, குங்குமமும் சதையுமாக ரோடே வழுக்குமரம். நல்ல சக்கரத்திலேயே பிரேக் பிடிக்கப் பயப்பட வேண்டிய நாள்.

சேகருக்குச் செல்போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. துரை போடுகிற சத்தத்தில் கோயில் மணியே கேட்காது.

சாருக்கு அடித்தேன்.

“சார், சேகர் வண்டிய எடுத்துக்கினு அங்கதான் வராரு.”

“யாரு? மாப்ளயா? துரையிலயா?” தட்டிக்கொடுப்பதெல்லாம் இல்லை, நேராகவே குத்தினார். “அவன் தொட்டது எதாவது வெளங்கியிருக்கா? வண்டிக்கு எதாவது ஆச்சுன்னா... மல்லிகாவும் கூட இருக்காளா?”

“இருக்காங்க சார்.”

“வரட்டும். இன்னிக்கு இருக்கு அவனுக்கு.”

“நான் பின்னாடியே வரேன் சார்” என்று சொல்லி வைத்துவிட்டேன். சக்கரத்து வேலை முடியவில்லை என்பதைச் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நாலு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

வீட்டுக்குப் போனால், என் மனைவி வசந்தா சுண்டல் கிளறிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டு வந்து மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

“நீ எதுக்கு?”

“அந்தப் பொண்ணு கூட இருக்குதில்ல? எதாவது ஒண்ணுன்னா தூக்க நீங்க ஒருத்தர் போதுமா?”

மொபெட்டின் கைப்பிடியிலும் ஒரு சின்ன வாழைக்கன்று கட்டியிருந்தோம். அதையும் அவிழ்க்காமல் கிளம்பினோம். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அது என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் ரோட்டில் சிவப்பாக ஏதாவது கிடக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் பூசணிக்காய். ஒவ்வொரு தடவையும் வசந்தா என் தோளைப் பிடித்து, விட்டாள். அது எத்தனை பூசணிக்காய் என்று தோளுக்குத் தெரியும்.

ஊஞ்சல்

புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரம், துரை சென்டர் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் புருஷனும் பொண்டாட்டியும் நின்றபடி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு அழகான சண்டையை நான் பார்த்ததில்லை. இருவருக்கும் இரண்டு கை, இரண்டு கால்.

“நான் ஏற மாட்டேன்” என்று மல்லிகா பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்.

“புதுக் கட்டுடி. புதுச் செருப்பு மாதிரி, மொதல்ல அப்படித்தான் இருக்கும்.”

“செருப்பு கடிக்கும், ஆடாது. இது அம்மன் ஊஞ்சலாட்டம் ஆடுது. முன்னாடி ஓட்டறவருக்கு ரோடு தெரியும். பின்னாடி ஒக்காந்தவளுக்குத்தான் வண்டி தெரியும்.”

என்னைப் பார்த்ததும் சேகர் முகம் மலர்ந்தது. “வாங்கண்ணே! நீங்களே சொல்லுங்க இவளுக்கு.”

குனிந்து முன் சக்கரத்தைப் பிடித்து அசைத்தேன். கடகடவென்றது. கம்பிகளைத் தொட்டேன். ஏழெட்டுக் கம்பிகள் விரலுக்கே வளைந்தன. ஒன்று நிப்பிளிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மல்லிகா வண்டியை நிறுத்தச் சொல்லாமல் இருந்திருந்தால், இன்னும் இரண்டு மைல், அதிகம் போனால் மூன்று.

“போன் அடிச்சேனே, எடுக்கலியே?”

“பையில அடிச்சுது அண்ணே” என்றாள் மல்லிகா. “ஒரு கையில பூசணிக்கா, ஒரு கையில இவரு. எந்தக் கையால எடுக்கறது?”

சேகர் என் பக்கத்தில் குந்தினார். தொங்குகிற கம்பியைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“அண்ணே, இது நான் ஓட்டினதுல ஆனதா?”

எனக்கு அந்த இடம் இன்றும் கண்ணில் இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு. சவுக்கில் காற்று புகுந்து கடல் மாதிரி இரைந்தது. ‘ஆமா’ என்றுகூட நான் சொல்லவேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். மீதியைச் சார் பார்த்துக்கொள்வார். அவரைப் பொறுத்தவரை தீர்ப்பு ஏற்கெனவே எழுதி வைத்தாயிற்று. அதைத்தான் போனிலும் வாசித்தார். துரையின் சக்கரத்தைக் கெடுத்தவன் என்ற பேரோடு சேகர் இன்னொரு எட்டு வருஷம் துடைத்துக்கொண்டிருப்பார். என் கடைக்கு ஒரு கீறலும் விழாது.

ஒரு நிமிஷம் நான் பேசாமல்தான் இருந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

பிறகு நிமிர்ந்தபோது வசந்தா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுகிற பார்வை இல்லை. சோற்றுப் பானையில் பருக்கை வெந்ததா என்று பார்க்கிற பார்வை.

“இல்ல சேகர். இது வேலை முடியாத சக்கரம். நிறுத்தி வக்கிறதுக்காக மாட்டினேன். துணி கட்டியிருந்தேன், அதையும் நானே அவுத்துட்டேன். தப்பு என்னுது.”

சேகர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “அப்ப நான் ஓட்டினதுல ஒண்ணும் இல்லியே?” என்று மறுபடி கேட்டார். “நாப்பதுக்கு மேல போவலண்ணே. கியரு கூட மெதுவாத்தான் போட்டேன்.”

“ஒண்ணும் இல்ல. நல்லா ஓட்டியிருக்கீங்க. இல்லன்னா இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

“அத எங்க அண்ணங்கிட்ட யாரு சொல்றது?” என்றாள் மல்லிகா.

வேலைன்னா தப்பு

சரி செய்யலாம் என்று பெட்டிக்குக் கையைக் கொண்டுபோனேன். மொபெட்டில் எப்போதும் ஒரு கருவிப் பெட்டி இருக்கும். காலியாக இருந்தது. எல்லாம் கடையில், சாமிக்கு முன்னால், வரிசையாகப் பொட்டு வைத்துப் படுத்திருந்தன. சக்கரம் கழலப்போகிறது என்று தெரிந்து பதினைந்து மைல் துரத்தி வந்திருக்கிறேன், கையில் ஒரு ஸ்பேனர் இல்லை. பூஜையில் வைத்ததை எடுக்கலாமா கூடாதா என்று யோசித்து விட்டுவிட்டு வந்தேன் என்றால்கூடப் பரவாயில்லை. எடுக்கவேண்டும் என்று கைக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு அவை இல்லாத பொருள்கள்.

துரையைத் தள்ளிக்கொண்டு புதுச்சத்திரத்துக்குப் போனோம். அங்கே ஒரு பஞ்சர் கடை. வாசலில் மாவிலை. உள்ளே பம்பு, டயர் நெம்புகிற லிவர், ஸ்க்ரூ ஸ்பேனர், அரம் எல்லாம் ஒரு பலகையில் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. கடைக்காரர் புது வேட்டி கட்டிக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். “நாளைக்கு மறுபூசை பண்ணித்தான் எடுப்போம். வருஷத்துல ஒரு நாளு அதுங்களுக்கு லீவு. லீவு குடுத்தவனே போயி எழுப்பலாமா?”

“நீங்க எழுப்ப வாணாம், நான் எடுத்துக்கறேன்” என்றேன்.

“அது எப்படி? எங்க வூட்டு ஆள அடுத்தவரு எழுப்பறதா?”

வசந்தா முன்னால் வந்தாள். “அண்ணே, லீவு போட்டு வூட்டுல விசேஷம் பண்ற டாக்டரு, எதுத்த வூட்டுல ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா வர மாட்டாரா?”

“வருவாரும்மா. பீசு ஜாஸ்தி கேப்பாரு.”

“நீங்க கேளுங்க.”

அவர் யோசித்தார். எழுந்து உள்ளே போய் ஒரு கற்பூரத்தை ஏற்றினார். கருவிகளைப் பார்த்து, மனுஷர்களிடம் பேசுகிற குரலிலேயே பேசினார். “வேலைக்கு இல்ல. ஒதவிக்குத்தான்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “வேலைன்னாத்தான் தப்பு. ஒதவின்னா தப்பில்ல. ஆனா நான் கூலி வாங்க மாட்டேன், நீங்களும் வாங்கக் கூடாது. பொட்ட அழிக்கக் கூடாது.”

இந்த மூன்று சட்டத்தையும் அவர் அந்த நிமிஷத்தில்தான் இயற்றினார் என்பது என் அபிப்பிராயம். ஆனால் நான் கேட்ட சட்டங்களில் அவை நல்ல சட்டங்கள்.

சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, வெறும் ரிம்மை மறுபடி ஃபோர்க்கில் மாட்டினேன். எஞ்சினுக்குக் கீழே கல் முட்டு. கோட்டம் பார்க்க ஃபோர்க்கில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியைக் கட்டினேன். சக்கரத்தைச் சுற்றினால், ஒதுங்குகிற இடத்தில் ரிம் குச்சியைத் தொட்டுக் ‘கிர்ர்’ என்னும். தொடுகிற இடத்தில் சேகர் சாக்பீஸால் கோடு போட்டார். கோடு விழுந்த பக்கத்துக் கம்பியைத் தளர்த்தி, எதிர்ப் பக்கத்துக் கம்பியை இழுக்க வேண்டும். ஸ்பேனர் சந்தனத்தில் வழுக்கியது. பொட்டு அழியாமல் பிடிப்பதற்கு நான் பட்ட பாட்டைக் கடைக்காரர் நாற்காலியில் இருந்தபடியே கண்காணித்தார்.

மல்லிகா பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு, நான் முறுக்கும் ஒவ்வொரு கம்பியையும் சத்தமாக எண்ணினாள். முப்பத்தேழில் நான் எழுந்து முதுகை நிமிர்த்தினேன். “இன்னும் மூணு இருக்கு அண்ணே” என்றாள். குரலில் தயவு இல்லை. அது நியாயம்தான்.

ஒரு ரூபாய் போன்

இரண்டாவது சுற்று முடிந்தபோது பக்கத்துப் பெட்டிக்கடையில் இருந்த காசு போடுகிற போனுக்குப் போனேன். செல்போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அதில் பேசினால் தனியாக நகர்ந்துபோய்ப் பேசத் தோன்றும். இந்தப் போன் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது, எல்லோர் காதுக்கும் எதிரே.

“சார், தண்டபாணி. காலையில ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்.” சொன்னேன். துணி அவிழ்த்தது வரைக்கும் சொன்னேன். சேகர் அளவாக ஓட்டியதையும், மல்லிகா நிறுத்தச் சொன்னதையும் சொன்னேன்.

காசு தீர்ந்துவிட்டதோ என்று இன்னொன்று போட்டேன்.

“நொண்டியா நிறுத்தாதன்னு நான்தான் சொன்னேன்” என்றார் சார்.

“நீங்க நிறுத்தத்தான் சொன்னீங்க சார். சொல்லி வக்காம போனது நான்.”

பிறகு, “நீ என் தங்கச்சிய என்னா பண்ணப் பாத்தேன்னு நான் உன்கிட்ட நேர்ல கேக்கணும் தண்டபாணி. இப்ப கேக்கல. மாப்ளகிட்ட குடு.”

சேகர் வாங்கினார். “ம்” என்றார். “சரி மச்சான்” என்றார். “சரி மச்சான்” என்று இன்னொரு தடவை சொல்லும்போது பெட்டிக்கடைக்குப் பின்பக்கம் திரும்பிக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு வந்தவர் சாக்பீஸைக் கையில் எடுத்தார். ரிம்மில் ஒரு கோடு போட்டுவிட்டுச் சொன்னார். “என்னையே ஓட்டிக்கினு வரச் சொல்றாரு.”

“ஓட்டுங்க” என்றாள் மல்லிகா. “நான் பஸ்ல வரேன்.”

வெள்ளாறு வரைக்கும்

மூன்றாவது சுற்று முடிந்தது. முனைகளை ராவினேன். கம்பிகளைத் தட்டிப் பார்த்தேன், நாற்பதும் ஒரே குரல். நாடா சுற்றி, டயர் ஏற்றி, காற்றடித்து முடித்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நல்ல நேரம் எப்போதோ போய்விட்டது.

“அண்ணி, நீங்க சொல்லுங்க, இதுல ஏறலாமா?” என்று மல்லிகா வசந்தாவைத்தான் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை.

வசந்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து துரையின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

“என்னா பாக்கறீங்க? ஓட்டுங்க. வெள்ளாறு வரைக்கும் நாம போவோம். அவுங்க மொபெட்டுல பின்னாடி வரட்டும்.”

என்னோடு அத்தனை வருஷம் இருந்தவள், நான் கட்டிய சக்கரம் எதிலும் அதற்கு முன் ஏறியதில்லை. பழைய வண்டிகள் புடவையில் எண்ணெய் தெறிக்கும் என்பாள். கிளம்பினேன். முதலில் நடக்கிற வேகம், பிறகு சைக்கிள் வேகம். கைப்பிடியில் ஆட்டம் இல்லை. முட்லூருக்கு முன்னால் ஒரு இடத்தில் வேண்டுமென்றே முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். துரை தலையைத் தாழ்த்தி, நேராக நின்றது. அவள் கை என் தோளில் இருந்தது. காலையில் பிடித்ததைவிட இறுக்கமா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன் நிறுத்தினேன். ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்து, நான்கு கம்பிகளுக்குக் கால் திருகு கொடுத்தேன். பொட்டு வைத்த ஸ்பேனரைத் திரும்பக் கொண்டுவந்து தருவதாக வாங்கி வந்திருந்தோம். சாவியைச் சேகர் கையில் வைத்தேன்.

மல்லிகா மொபெட்டிலிருந்து இறங்கி, பூசணிக்காயோடு வந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை. வசந்தாவைப் பார்த்தாள்.

“ஆடுதா அண்ணி?”

“ஆட்டமா? நான் ரெண்டு தடவ தூங்கிட்டேன் மல்லிகா.”

மல்லிகா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அப்போதுதான். பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். சேகர் மெதுவாகக் கியர் போட்டார். பாலத்தின் மேல் இருவரும் போவதைப் பின்னாலிருந்து பார்த்தோம். முன் சக்கரம் தெரியவில்லை, அவர்கள் முதுகுதான் தெரிந்தது. இரண்டு முதுகும் ஆடாமல் போயின.

நாங்கள் மொபெட்டில் பின்தொடர்ந்தோம். பாலம் பாதி தாண்டியதும் கேட்டேன்.

“நெசமாவே தூங்கினியா?”

“கண்ண மூடினது நெசம்” என்றாள்.